ஒன்பதாம் வகுப்புக்கு ஓவியம் கற்பித்தல்: ஓர் ஆண்டுக்கான முழுமையான வழிகாட்டி

உயர்நிலைப் பள்ளிகளில் ஓவியப் பாடவேளை பெரும்பாலும் பார்த்து வரைவதிலேயே கழிகிறது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மயிலை வரைகிறார். நாற்பது பேரும் அதையே டிராயிங் நோட்டில் வரைகிறார்கள். யாருடைய மயில் கரும்பலகை மயிலை அதிகம் ஒத்திருக்கிறதோ அவருக்குப் பாராட்டுக் கிடைக்கிறது. ஏற்கெனவே கை பழகிய பிள்ளைகள் இந்த முறையில் தேறிவிடுவார்கள். மற்றவர்களோ பதினான்கு வயதிலேயே 'எனக்கு வரைய வராது' என்ற முடிவுக்கு வந்து, பிறகு பென்சிலைத் தொடவே மாட்டார்கள். அந்த முடிவு தவறானது என்ற நம்பிக்கையில்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தமிழின் சுழியையும் கொம்பையும் கோணாமல் எழுதும் கைக்கு வரைவதற்கான திறன் போதிய அளவு இருக்கிறது. குறை பார்வையில் இருக்கிறது: கண் பொருளைப் பாதி பார்த்ததும் விட்டுவிட்டு, மீதியை மனத்தில் பதிந்துபோன அச்சிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதலாண்டில் கற்பிக்க வேண்டியது பார்ப்பதைத்தான். கீழே உள்ள எல்லாப் பயிற்சிகளும் அதற்காகவே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஏறத்தாழ நாற்பது மாணவர்கள், தனி ஓவிய அறை கிடையாது என்ற நிலையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியில், ஆர்வமுள்ள தமிழாசிரியரோ அறிவியல் ஆசிரியரோ கூட இதைப் பின்பற்றி நடத்த முடியும்.

வகுப்பு தொடங்கும் முன்

பொருள்களுக்காகப் பெரிய செலவு தேவையில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஹெச்பி, 2பி, 6பி என மூன்று பென்சில்கள், ஒரு ரப்பர், கோடு போடாத ஏ4 தாள்கள், ஒரு பரீட்சை அட்டை ஆகியவை போதும். பரீட்சை அட்டை மிக நல்ல வரைபலகை: கிளிப் தாளை நகராமல் பிடித்துக்கொள்ளும், மேசை விளிம்பில் சாய்த்து மடியில் வைத்துக்கொண்டால் தாள் கண்ணுக்கு நேராக நிற்கும். தாளை மேசை மேல் படுக்கவைத்து வரையும்போது மேல்பகுதி கண்ணுக்குச் சுருங்கித் தெரிவதால், படத்தின் தலைப்பகுதி தம்மை அறியாமலே நீண்டுவிடுகிறது. இதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

பென்சிலை ஷார்ப்னரில் சீவினால் முனை குட்டையாக இருக்கும். ஆசிரியர் பிளேடால் கரியை நீளமாக வெளியே விட்டுச் சீவித் தந்தால், படுக்கைவாக்கில் தேய்த்து அகலமான நிழலும் போடலாம், நுனியால் மெல்லிய கோடும் இழுக்கலாம். பிளேடை மாணவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

கரித்துண்டு வாங்க இயலாத பள்ளிகள் அதைச் செய்துகொள்ளலாம். கலம்காரி ஓவியர்கள் துணியில் முதல் வரைவைப் புளியங்குச்சிக் கரியால்தான் போடுகிறார்கள். பென்சில் கனமுள்ள காய்ந்த புளியங்குச்சிகளை ஒரு தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் சிறு துளையிட்டு, வெட்டவெளியில் தீயின் மேல் வைக்க வேண்டும். துளை வழியே வரும் புகை நின்றதும் இறக்கி, டப்பா முழுவதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டுக் கரி சாம்பலாகிவிடும். இதை ஆசிரியரே செய்ய வேண்டும் என்றாலும், மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். தாம் வரையும் பொருள் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிள்ளை அதை வீணாக்குவதில்லை.

படி 1: முதல் வகுப்பில் எதையும் கற்பிக்காதீர்கள்

ஆளுக்கு இரண்டு தாள்களைக் கொடுங்கள். ஒன்றில் மனத்தில் தோன்றிய ஓர் இயற்கைக் காட்சியையும், மற்றொன்றில் தம் இடது கையையும் வரையச் சொல்லுங்கள். இடது கைப் பழக்கமுள்ளவர்கள் வலது கையை வரையட்டும். திருத்தம் வேண்டாம், பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தாளில் என்ன வரும் என்பது ஏறத்தாழ உறுதி. இரண்டு மலைகள், நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, கூரை வீடு, தென்னை மரம், வானத்தில் விரிந்த கோடுகளாகச் சில பறவைகள். மலையே கண்ணில் படாத தஞ்சைச் சமவெளிப் பிள்ளையும் இதையே வரையும். அதைக் குறையாகச் சொல்லிவிட வேண்டாம். நினைவில் உள்ள குறியீடுகளைக் கொண்டு ஒரு காட்சியை அமைக்க அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. ஆனால் இரண்டாம் தாளிலும் அதே வழியைத்தான் கையாண்டிருப்பார்கள்: ஐந்து விரல்களும் விரிந்து, நுனியில் வட்டமாக நகம் வைத்த ஒரு 'கை'. தன் மேசை மேல் இருக்கும் கையை அவர்கள் பார்க்கவே இல்லை. இந்த இரண்டாம் தாளிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது.

படி 2: கோடு

அடுத்த வகுப்பில் பென்சிலை ஒரு சிறு தாளின் நடுவே குத்திச் செருகச் சொல்லுங்கள். அந்தத் தாள் குடைபோலக் கையை மறைப்பதால், வரைவதைத் தம்மால் பார்க்க முடியாது. இப்போது இடது கையை, விரல்களைச் சற்று மடக்கி மேசை மேல் வைத்து, கண் ஓடும் வேகத்திலேயே பென்சிலும் ஓடும்படி, விளிம்பை ஒட்டி மிக மெதுவாக வரைய வேண்டும். நேரம் பத்து நிமிடம். பேச்சு இருக்கக் கூடாது, ரப்பர் கூடாது, பென்சிலை எடுத்து எடுத்து வைக்கவும் கூடாது.

முதல் இரண்டு நிமிடம் சிரிப்பு இருக்கும். நான்காம் நிமிடத்துக்கு மேல் அறை அமைதியாகிவிடும். முடிந்ததும் தாளில் இருப்பது கையைப் போலவே இருக்காது. விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மணிக்கட்டு எங்கோ போயிருக்கும். அந்தக் கோட்டின் ஒரு துண்டை மட்டும் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். விரல் மடங்கும் இடத்தில் தோல் இரண்டு மூன்று மடிப்பாக நெரிந்திருப்பதையும், கட்டை விரல் நகத்தின் ஒரு பக்கம் சதைக்குள் மறைவதையும் அந்தக் கோடு பதிவு செய்திருக்கும். முதல் நாள் வரைந்த கையில் இவை எதுவும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் விளக்கம் தேவைப்படாது.

இந்தப் பயிற்சியை மூன்று வாரம், ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் செய்ய வேண்டும்: செருப்பு, தண்ணீர் பாட்டில், கசங்கிய கைக்குட்டை, முன்னால் அமர்ந்திருப்பவரின் காது. பிறகு மறைப்புத் தாளை எடுத்துவிட்டு, பத்தில் எட்டுப் பங்கு நேரம் பொருளையும் இரண்டு பங்கு நேரம் தாளையும் பார்த்து வரையச் சொல்லலாம்.

கோட்டின் அழுத்தத்தையும் இங்கேயே பேச வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் ஓடும் கோடு உயிரற்றது. பாரம் தாங்கும் இடத்தில் அழுத்தி, ஒளி படும் இடத்தில் இளக்கினால் அதே கோடு பொருளின் எடையைச் சொல்லும். இதற்கு நம்மிடமே நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி கே. எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களில், சில தீற்றல்களிலேயே ஒரு முதியவரின் நடை வந்துவிடுகிறது. அதற்கு நேர்மாறாக, ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களில் ஒவ்வோர் அணிகலனின் மணியும் தனித்தனியாகத் தெரியும். இரண்டையும் ஒருங்கே காட்டுங்கள். எது சிறந்தது என்று கேட்காமல், எந்தக் கோடு வேகமாகப் போடப்பட்டது, எது நிதானமாகப் போடப்பட்டது என்று கேளுங்கள்.

படி 3: வடிவமும் அளவும்

மேசை மேல் ஒரு நாற்காலியை ஏற்றி வையுங்கள். நாற்காலியை வரைய வேண்டாம் என்றும், கால்களுக்கு இடையிலும் கைப்பிடிக்குள்ளும் தெரியும் வெற்றிடங்களின் வடிவங்களை மட்டும் வரைய வேண்டும் என்றும் சொல்லுங்கள். நாற்காலிக்கு எல்லோர் மனத்திலும் ஓர் அச்சு இருக்கிறது. நாற்காலிக் கால்களுக்கு இடையே உள்ள வெளிக்கு அப்படி ஓர் அச்சு இல்லை. எனவே கண் உண்மையில் பார்க்க வேண்டியதாகிறது. வெற்றிடங்கள் சரியாக அமைந்தால் நாற்காலி தானாக வந்து நிற்கும். மிதிவண்டி இதைவிடக் கடினமானது; இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு எடுக்க, பென்சிலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் முறையைக் கற்பியுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. மடங்கினால் கண்ணுக்கும் பென்சிலுக்கும் இடையே தூரம் மாறி, ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு கிடைக்கும். மனித முகத்துக்கு ஒரே ஓர் அளவைச் சொன்னால் போதும்: கண்கள் தலையின் உச்சிக்கும் முகவாய்க்கும் நடுப்பாதியில் இருக்கின்றன. மாணவர்கள் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் எல்லோரும் கண்ணை நெற்றி வரை ஏற்றித்தான் வரைந்து பழகியிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பென்சிலால் அளக்கச் சொல்லுங்கள்.

படி 4: ஒளியும் நிழலும்

ஆண்டின் மிக முக்கியமான பகுதி இதுதான். அவசரமில்லாமல் குறைந்தது ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

முதலில் வெள்ளைத் தாளின் வெண்மையிலிருந்து 6பி பென்சிலின் முழுக் கருமை வரை ஐந்து கட்டங்கள் போடச் சொல்லுங்கள். பெரும்பாலோர் நடுக் கட்டத்திலேயே பயந்து நின்றுவிடுவார்கள். ஐந்தாம் கட்டம் உண்மையில் கறுப்பாகும் வரை விடாதீர்கள். நிழல் வராமல் சப்பையாக இருக்கும் மாணவர் படங்களில் பாதிக்கு மேல், கருமைக்குத் துணியாததால்தான் அப்படி இருக்கின்றன.

பிறகு முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை முட்டையை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, ஒரு பக்கச் சன்னல்களைச் சாத்திவிட்டு, மறுபக்கச் சன்னலிலிருந்து மட்டும் வெளிச்சம் வரும்படி செய்ய வேண்டும். நம் ஊர் உச்சிவெயிலில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும். காலைப் பாடவேளை கிடைத்தால் நல்லது. மாணவர்கள் கண்ணைப் பாதி மூடிப் பார்க்கட்டும். நுணுக்கங்கள் மங்கி, வெளிச்சப் பகுதியும் இருட்டுப் பகுதியும் இரண்டாகப் பிரிந்து தெரியும். அந்த எல்லையை இலேசாகக் குறித்துக்கொண்டு, இருட்டுப் பகுதி முழுவதையும் ஒரே சீராக நிரப்பிய பிறகே உள்ளே இருக்கும் வேறுபாடுகளுக்குப் போக வேண்டும்.

இனி முட்டையின் அடியை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். மிகக் கருமையான இடம் முட்டையின் விளிம்பில் இல்லை. விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு பட்டையாக இருக்கிறது. விளிம்பை ஒட்டி மீண்டும் ஒரு மங்கலான வெளிச்சம் தெரியும். அடியில் உள்ள வெள்ளைத் தாளில் பட்ட ஒளி திரும்பி முட்டையின் மேல் விழுவதே அதற்குக் காரணம். தாளுக்குப் பதிலாகச் சிவப்புத் துணியை விரித்தால் அந்த இடம் செந்நிறமாக மாறும். இதைக் கண்ணால் கண்ட மாணவர், விளிம்பைக் கறுப்பாக இழுத்து நிழல் போடும் பழக்கத்தைத் தாமாகவே விட்டுவிடுவார்.

இரண்டு பழக்கங்களைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும். ஒன்று, விரலால் தேய்த்து நிழலை மழுப்புவது. பார்க்க மினுமினுப்பாக இருக்கும், ஆனால் எங்கே எவ்வளவு கருமை என்று முடிவு செய்யும் பொறுப்பை அது தட்டிக்கழிக்கிறது. மற்றொன்று, அழுத்தமான புறக்கோடு போட்டுவிட்டு உள்ளே நிழல் நிரப்புவது. முட்டைக்குப் பிறகு பித்தளைச் சொம்பு, மண் பானை, கசங்கிய தாள் என்று போகலாம். மண் பானையில் ஒளி மெல்லப் படரும், பித்தளையில் பளீரென்று வெட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பரப்பின் தன்மை பற்றித் தனிப் பாடம் தேவையில்லை.

படி 5: வண்ணம்

பன்னிரண்டு வண்ண டப்பாவைத் தவிருங்கள். எலுமிச்சை மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமெரின் நீலம், வெள்ளை ஆகிய நான்கு போஸ்டர் வண்ணங்கள் போதும். குறிப்பாக இந்தச் சிவப்பும் நீலமும் ஏன் என்றால், ஊதா கலக்கும்போது செங்காவி சாய்ந்த சிவப்பை எடுத்தால் அதில் ஏற்கெனவே மஞ்சள் கலந்திருப்பதால் கலவை சேறாகிவிடும். கிரிம்சனும் அல்ட்ராமெரினும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தவை. தூய ஊதா கிடைக்கும். சேற்று ஊதாவையும் ஒருமுறை கலந்து காட்டிவிடுங்கள்.

வண்ணச் சக்கரத்தை வரைந்து நிரப்பும் வழக்கமான பயிற்சியைவிட, இலைப் பயிற்சி பலமடங்கு பயனுள்ளது. மாணவர் ஒவ்வொருவரும் ஒரே மரத்திலிருந்து தளிர், இளம் இலை, முற்றிய இலை, பழுத்த இலை என நான்கு கொண்டுவர வேண்டும். மாமரமாக இருந்தால் சிறப்பு: மாந்தளிரின் செம்பு நிறம் பச்சை என்ற எண்ணத்தையே கலைத்துவிடும். கலந்த வண்ணத்தை இலையின் மேலேயே ஒரு பொட்டாக வைத்துப் பார்க்க வேண்டும். பொட்டு இலையில் மறைந்துவிட்டால் நிறம் சரி. முற்றிய இலைக்குப் பச்சையில் சிறிது சிவப்புச் சேர்க்க வேண்டியிருப்பதை அவர்கள் தாமே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது, அருகருகே வைத்தால் நிறம் மாறித் தோன்றும் விந்தை. ஒரே சாம்பல் தாளிலிருந்து இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றை மஞ்சள் தாள் மேலும் மற்றொன்றை நீலத் தாள் மேலும் ஒட்டினால், இரண்டும் வெவ்வேறு சாம்பலாகத் தெரியும். பிரான்சின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூலின் சாயம் மங்கலாக இருப்பதாக வந்த புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறத்தால்தான் அப்படித் தோன்றுகிறது என்று கண்டறிந்து, 1839இல் அதை விரிவாக வெளியிட்டார். காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்களில் இந்தப் பாடத்தை உடலும் கரையும் வேறு நிறமாக உள்ள பட்டுத் துணியை வைத்தே நடத்திவிடலாம்.

படி 6: தூரம்

தொலைவைத் தாளில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் விதிகளை அளவுகோல் கொண்டு தொடங்காதீர்கள். மாணவரைப் பள்ளி வராண்டாவின் ஒரு முனையில் நிறுத்தி, தூண்களின் மேல்முனைகளும் தரையின் விளிம்பும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று நீட்டிய பென்சிலால் காட்டச் சொல்லுங்கள். 'மறையும் புள்ளி' எனப்படும் அந்தப் புள்ளி தம் கண்ணின் உயரத்தில் இருப்பதையும், உட்கார்ந்தால் அதுவும் கீழிறங்குவதையும் கவனிக்கட்டும். கண்ணாடிச் சன்னல் இருந்தால், ஒரு கண்ணை மூடித் தலையை அசைக்காமல், வெளியே தெரியும் கட்டடத்தை மார்க்கரால் கண்ணாடியிலேயே வரையலாம். இரண்டு வாரம் போதும். இது படம் வரையும் ஒரே சரியான வழி என்ற எண்ணம் வேரூன்றிவிடக் கூடாது என்பதற்காக, உடனே சித்தன்னவாசல் தாமரைக் குளத்தைக் காட்டுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள அந்தச் சமணக் குகையின் விதானத்தில், அடிவானமே இல்லாமல் இலையும் பூவும் மீனும் யானையும் பூப்பறிப்பவர்களும் பரப்பு முழுவதும் நிறைந்திருக்கிறார்கள். குளத்தின் நிறைவைச் சொல்ல அந்த ஓவியர்களுக்கு மறையும் புள்ளி தேவைப்படவில்லை.

படி 7: கலைப்படைப்பைப் பார்ப்பது

மாதம் ஒரு பாடவேளை வரையாமல் பார்ப்பதற்கு. ஒரே ஒரு படைப்பு. பெரிய அளவில் அச்சிட்ட படமோ, ஸ்மார்ட் போர்டோ. முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு ஆசிரியர் இரண்டே கேள்விகளைக் கேட்கிறார்: இதில் என்ன நடக்கிறது? அப்படிச் சொல்ல எது காரணம்? கலைஞரின் பெயர், காலம், பாணி எல்லாம் கடைசிப் பத்து நிமிடத்தில் சொன்னால் போதும். முதலிலேயே சொன்னால் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்குவார்கள்.

தொடங்குவதற்கு மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பத்தைவிடப் பொருத்தமானது இல்லை. ஒற்றைக் காலில் கைகளை உயர்த்தித் தவம் செய்பவர் அர்ச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா என்ற விவாதம் அறிஞரிடையே இருப்பதால், மாணவரும் சான்று காட்டி வாதிடலாம். நடுவிலுள்ள பிளவில் நாகர்கள் மேலெழுவதையும், மேலே நீர் தேக்கும் அமைப்பு இருந்ததையும் ஒருவர் எடுத்துச் சொல்லும்போது, மற்றவர் சிவன் வரமளிக்கும் கையைச் சுட்டிக்காட்டுவார். யானையின் காலடிக்கு அருகே, தவம் செய்பவரைப் போலவே முன்கால்களை உயர்த்தி நிற்கும் பூனையையும் அதன் முன் உள்ள எலிகளையும் யாராவது கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள், நீங்கள் காட்டிவிடாதீர்கள்.

ஆண்டின் பிற்பகுதியில் கே. சி. எஸ். பணிக்கர் 1960களில் தொடங்கிய, எழுத்துருவும் ஜாதகக் கட்டமும் போன்ற குறிகள் நிறைந்த ஓவியங்களைக் காட்டலாம். 'இது என்ன படம்?' என்ற கேள்வி கட்டாயம் வரும். அந்த எழுத்துகளை வாசிக்க முயல்பவர்களுக்கு எதுவும் அகப்படாது. வரிசை, இடைவெளி, நிறம் என்று பார்ப்பவர்களுக்கு நிறைய அகப்படும். சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த அவர் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாகக் காரணமானவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

படி 8: சொந்தப் படைப்பு

கடைசிப் பருவம் மாணவருடையது. கருப்பொருளை 'தேசிய ஒருமைப்பாடு' போல விரிந்ததாகக் கொடுத்தால், கொடியும் கைகுலுக்கலும்தான் வரும். 'எங்கள் தெருவில் காலை ஆறு மணி', 'வீட்டில் உள்ள ஒரு பழைய பொருள்' போலக் குறுகியதாகக் கொடுங்கள். நேரில் போய்ப் பார்த்து வரைந்த குறிப்புப் படங்கள், தீப்பெட்டி அளவில் மூன்று வெவ்வேறு அமைப்புகள், பிறகே பெரிய தாள் என்பது கட்டாய வரிசையாக இருக்கட்டும். தாமே எடுத்த கைப்பேசிப் படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து வரைவதை ஏற்க வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் ஆசிரியருக்குத்தான் கட்டுப்பாடு அதிகம் தேவை. மாணவரின் தாளில் ஆசிரியர் கை வைக்கக் கூடாது. ஒரு கோட்டைத் திருத்திக் கொடுத்தால்கூட, அந்தப் படம் அதற்குப் பிறகு பிள்ளையுடையது அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். காட்ட வேண்டியதை வேறு தாளில் வரைந்து காட்டிவிட்டு, அந்தத் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

மதிப்பீடு

படம் எவ்வளவு 'அழகாக' இருக்கிறது என்பதற்கு மதிப்பெண் கொடுத்தால், ஆண்டின் தொடக்கத்தில் முன்னே இருந்தவர்களே முடிவிலும் முன்னே இருப்பார்கள். கோப்பில் சேர்ந்த தாள்களைத் தேதி வரிசையில் புரட்டி, பார்வை கூர்மையாகியிருக்கிறதா, கருமைக்குத் துணிந்திருக்கிறாரா, முதல் யோசனையோடு நின்றுவிடாமல் வேறு அமைப்புகளை முயன்றிருக்கிறாரா என்று பாருங்கள். பாதியில் நின்ற நல்ல முயற்சிக்கு, முடித்துப் பளபளப்பாக்கிய நகலைவிடக் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். பின்பக்கம் எழுதும் குறிப்பும் குறிப்பாக இருக்கட்டும்: 'நன்று' என்பதால் பயனில்லை, 'சொம்பின் கழுத்தில் நிழல் சரியாகத் திரும்பியிருக்கிறது, அடியில் விழும் நிழலுக்கு விளிம்பு இன்னும் தெளிவாக வேண்டும்' என்றால் அடுத்த படம் மாறும்.

பள்ளிக் கல்வித்துறையின் கலைத் திருவிழா 2022 முதல் நடப்பதால், போட்டிக்கு ஆள் அனுப்பும் பொறுப்பும் ஓவிய ஆசிரியருக்கு வருகிறது. நல்ல வாய்ப்புத்தான், ஆனால் அதற்காக இரண்டு பேரை மட்டும் தனியே பயிற்றுவித்து மற்ற முப்பத்தெட்டுப் பேரைச் சும்மா உட்காரவைக்க வேண்டாம். ஆண்டு முடிவில் வராண்டாவில் ஒரு காட்சி வையுங்கள். தேர்ந்தெடுத்த சிலருடையதை மட்டும் வைக்காமல், ஒவ்வொருவரிடமிருந்தும் அவரே தேர்ந்த ஒன்றை வையுங்கள். பெற்றோர் நின்று பார்க்கும் கண் உயரத்தில் ஒட்டி, கீழே பெயரும் பயன்படுத்திய பொருளும் எழுத வேண்டும்.

தொடர்ந்து படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது என்பதைப் பெற்றோர் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு, 1850இல் தொடங்கப்பட்ட சென்னைக் கவின்கலைக் கல்லூரியிலும் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியிலும் பட்டப்படிப்பு உண்டு. மரபுச் சிற்பத்திலும் ஓவியத்திலும் நாட்டமுள்ளவர்களுக்கு மாமல்லபுரத்தில் அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. விண்ணப்பிக்க எண்ணுபவர்கள் நேரில் பார்த்து வரைந்த படங்களை இப்போதிருந்தே தேதியிட்டுச் சேர்த்து வைக்கட்டும். கோடை விடுமுறைக்கு ஒரு வெற்று நோட்டைக் கையில் கொடுத்து, நாளுக்கு ஒரு படம் என்று சொல்லி அனுப்புங்கள்.